சுண்ணாம்பு தின்ற ரேகை

என் செல்ல மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நடுநடுவே கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீ போனில் அழுத நாளிலிருந்து சண்டை மட்டும் குறைந்திருக்கிறது. "நீ வர முடியலைன்னா நான் கல்யாணத் தேதியைத் தள்ளி வெச்சிடறேன்பா" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். தள்ளி வைக்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை டெஸ்மண்டுக்கும் படித்துச் சொல். வேறு யாருக்குக் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை, இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஜமைக்காவுக்கு வரும் வழியில் விமானம் மாறுகிற நாட்டுக்கும் விசா வேண்டும், அதற்காகச் சென்னையில் கைரேகை எடுத்தார்கள், உன் அம்மாவின் ரேகை விழுந்தது, என்னுடையது விழவில்லை. ஏன் விழவில்லை என்று உன் அம்மா உனக்குச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று மறைத்துவிட்டாள். அதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது, சுற்றி வளைத்துத்தான் வருவேன். நீயும் அவசரப்படாமல் என் கூடவே வா.

காலையில் நான் காபியோடு மொட்டை மாடியில் நிற்கும்போது உனக்கு முந்தின நாள் ராத்திரி இன்னும் முடிந்திருக்காது. எனக்கு இது இன்னும் பழகவில்லை. நான் காபி குடித்துத் தொடங்கிவிட்ட நாளை நீ இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறாய் என்று நினைத்தால் தலை லேசாகச் சுற்றுகிறது. அந்த நேரத்தில் ஆம்பூர் மலைகள் மேல் கொஞ்சம் பனி இருக்கும். பனியைப் பார்த்துக்கொண்டே உன் ஊரை நினைப்பேன். நீ போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே காட்டினாயே, அந்த வெட்டிய மலை, உள்ளே எல்லாம் வெள்ளை வெளேரென்று. கல் பெல்ட்டில் ஏறிப் போகிறது. சூளை என்றால் நிற்கிற சூளையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். உன் சூளை படுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய இரும்பு உருளை, தூக்கத்தில் ஒருவன் புரண்டு படுப்பது போல மெல்லச் சுழன்றது. கடைசியில் சிமெண்ட் ஏற்ற வந்த கப்பல், அதற்கு அந்தப் பக்கம் பச்சையும் நீலமும் கலந்த கடல். நீ ஏதேதோ விளக்கிக்கொண்டே போனாய். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. உன் புருவத்தில் படிந்திருந்த வெள்ளைத் தூசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து மதியத் தூக்கத்தில் அந்த உருளை எனக்குள் சுழல்கிறது. ஒரு நாள் கனவில் பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கரை முட்டும் தண்ணீர், ஆனால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளை. நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் இறங்கி நடக்கிறேன். முழங்காலுக்கு மேல் ஏறவே இல்லை. நடந்து நடந்து உன் கப்பல்துறை வந்துவிட்டது. நீ மேலே நின்றுகொண்டு, செருப்பு எங்கேப்பா என்று கேட்கிறாய். பதில் சொல்வதற்குள் எங்கள் தோல் டேனரி சங்கு ஊதி எழுப்பிவிட்டது. எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா வந்து, இன்னா ஆச்சு என்று கேட்டாள். ஜமைக்கா போய் வந்தேன் என்றேன். பாஸ்போர்ட் இல்லாமலா என்று கேட்டுவிட்டு அவள் காபி போடப் போய்விட்டாள்.

உனக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள சம்பந்தம் அந்தக் கப்பலுக்கெல்லாம் ரொம்ப முந்தினது. ஆறாவது படிக்கும்போது, நான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த சுண்ணாம்புக் கல்லில் ஒன்றை எடுத்து டிபன் பாக்ஸில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போனாய். கணக்கு வகுப்பில் மூடி பறந்துவிட்டது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போய் நின்றபோது நீ பயப்படவே இல்லை. "அப்பா, கல்லு மொதல்ல தண்ணி குடிச்சிச்சு, அப்புறம் அதுக்குக் கோவம் வந்துடுச்சு" என்றாய். அதட்ட வேண்டிய இடத்தில் நான் சிரித்துவிட்டேன். டீச்சருக்கு என் மேல்தான் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தால் உன் அம்மா சாயங்காலம் முழுக்க அழுதாள். அவள் ஆஸ்பத்திரியில் கண் வார்டில் நர்ஸாக இருந்தவள், சுண்ணாம்பு தெறித்த கண்கள் எத்தனையோ பார்த்தவள். அன்று அவள் எதற்கு அவ்வளவு அழுதாள் என்று உனக்குப் புரியவில்லை. இப்போது புரியும். லேபுக்குள் போனாலும் சரி, சூளைப் பக்கம் போனாலும் சரி, கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளாதே. அன்று வீடியோவில் அப்படித்தான் வைத்திருந்தாய். நான் பார்த்தேன், உன் அம்மா பார்க்கும் முன்னால் போனைத் திருப்பிக்கொண்டேன்.

கெமிஸ்ட்ரி படித்தாய், அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போனாய், அங்கிருந்து கடல் தாண்டினாய். ஒரே ஒரு தடவை நான் குறுக்கே நின்றேன். நான் சுண்ணாம்பில் நின்றது போதாதா, உனக்கு எதற்கு என்று கேட்டேன். "உன் சுண்ணாம்பு முடி எடுக்கும்பா, என் சுண்ணாம்பு வீடு கட்டும்" என்று ஒரு போடு போட்டாய். போன மாதம் இன்னொன்றும் சொன்னாய், உங்கள் ஆலையை ஒட்டி இருக்கும் சின்னச் சூளையில் சுடுகிற சுண்ணாம்பு கரும்பாலைக்குப் போகிறது, கரும்புச் சாறைத் தெளிய வைக்கிறது என்று. அதைக் கேட்டதிலிருந்து டீயில் சர்க்கரை போடும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். உன் அம்மா சுகரைக் காட்டிப் பாதிதான் போடுகிறாள், அதனால் ஞாபகமும் பாதிதான் என்று அவளைச் சீண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ரேகைக்கு வருகிறேன். டெஸ்மண்டுக்கு இந்த இடத்தை நன்றாகப் புரிய வை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைப்போம். முடி வேரோடு இளகும், தோல் உப்பும். எவ்வளவு நேரம் ஊறணும், என்ன பதம் என்பதெல்லாம் சுவரில் சார்ட் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் நான் கையுறையைக் கழற்றிவிட்டுத் தோலைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால்தான் எனக்குத் திருப்தி. விரல் பட்ட பள்ளம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் தோல் தயார். எங்கள் மேஸ்திரி ரஹீம் பாய் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். "கிளவ்ஸ் போடு தோஸ்த், கம்பெனி சும்மாதானே குடுக்குது" என்பார். அவர் பார்க்கும்போது போடுவேன், அந்தப் பக்கம் திரும்பியதும் கழற்றுவேன். இப்படியே காலம் முழுக்கத் தோல் மேல் என் விரலைப் பதித்துப் பதித்து, கடைசியில் விரலில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. கட்டைவிரல் வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. ரேஷன் கடை மிஷின் என்னை எந்த மாதமும் ஏற்றுக்கொண்டது கிடையாது. கடைக்காரப் பையனே, ஐயா, வீட்ல அம்மாவை அனுப்பிடுங்க என்று சொல்லிவிடுவான். அப்போதெல்லாம் இது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

கல்யாணம் அங்கேதான், நம் சர்ச்சில் நடப்பது போலவே கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அப்பாதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகணும் என்று நீ சொன்ன நாளில்தான் அந்த வேடிக்கை போனது. உன் அம்மா என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். சுண்ணாம்பைத் தொடாமல் இருந்தால் ரேகை தானாக வளர்ந்துவிடும், வெட்டிய நகம் வளர்கிற மாதிரிதான் என்றார் டாக்டர். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ரஹீம் பாயிடம் சொல்லி, காய்ந்த தோலைத் தரம் பிரிக்கிற இடத்துக்கு மாற்றிக்கொண்டேன். ராத்திரி தேங்காய் எண்ணெய், காலையில் தேங்காய் எண்ணெய். கதவுப் பிடியெல்லாம் வழுக்குகிறது என்று உன் அம்மாவுக்குப் பேஜார். சில வாரம் போனது. ஒரு நாள் அவள் என் கையை ஜன்னலோரம் இழுத்து வைத்துக்கொண்டு, ஊசிக்கு நரம்பு தேடுகிற அந்தப் பழைய பார்வையோடு பார்த்தாள். "கோடு வந்துக்கினு இருக்கு" என்றாள். நானும் பார்த்தேன். மெல்லிசாக, வளையம் வளையமாக. சொன்னால் சிரிப்பாய், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மாதம் ரேஷன் கடையில் வேண்டுமென்றே நான் போய் நின்றேன். விரலை வைத்ததும் மிஷின் பச்சை காட்டியது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னவோ நான் பரீட்சை பாஸ் செய்த மாதிரி சிரித்தார்கள். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வரை விசில் அடித்துக்கொண்டே வந்தேன்.

நான் செய்த வேலை இனிமேல்தான் வருகிறது. கல்யாணம் ஜமைக்காவில் நடந்தால் என்ன, பெண் வீடு இது. பெண் வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் எப்படிக் கல்யாணம் செய்வது? பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை, டிஸ்டெம்பர் அடித்துத் தருகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. சுண்ணாம்பு சுடுகிற பெண்ணின் கல்யாணத்துக்கு டிஸ்டெம்பரா? அவரை அனுப்பிவிட்டு நானே கல் சுண்ணாம்பு வாங்கிவந்து டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது பொங்கியதைப் பார்த்தபோது எனக்கு டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆறிய பிறகு கட்டிகளைக் கையால் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் நீலம் போட்டு, நார் மட்டையால் சுவரில் அடித்தேன். சுவர் காயக் காய வெளுத்துக்கொண்டு வந்தது. நீ காட்டிய மலை நிறம் நம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். உன் அம்மா அப்போது வாலாஜாவில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாள். எனக்கு ரேகை பற்றிய எண்ணமே வரவில்லை, அம்மாடி, இதுதான் உண்மை. டேனரிச் சுண்ணாம்பு என் எதிரி, அதைக் கிட்டே சேர்க்காமல் இருந்தேன். கல்யாணச் சுண்ணாம்பை நான் சுண்ணாம்புக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சென்னைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் அடித்து முடித்தேன்.

சென்னையில் விசா அலுவலகத்தில் குளிர் அதிகம். கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். உன் அம்மா வைத்தாள், முடிந்தது. நான் வைத்தேன். அந்தப் பெண் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சார், இன்னொரு தடவை என்றது. மறுபடியும் துடைத்தது. ஈரத் துணி கொடுத்தது, கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொன்னது. உன் வயசுதான் இருக்கும், பொறுமையான பெண். திரையில் என் பத்து விரலும் பத்து வெள்ளைத் திட்டாக வந்து நின்றன. தோல் வளர்ந்த பிறகு திரும்ப வாருங்கள், வேறு நாள் தருகிறோம் என்றார்கள். அவர்கள் கொடுத்த நாள் உன் கல்யாணத்துக்கு அப்புறம் வருகிறது. யார் மேலும் கோபப்படாதே. இதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை.

ரயிலில் உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அரக்கோணம் போனது, வாலாஜா போனது. நான் கையை லுங்கி விளம்பரம் போட்ட ஒரு துணிப்பைக்குள் நுழைத்து மறைத்து வைத்திருந்தேன். எதற்கு மறைத்தேன் என்று தெரியவில்லை. காட்பாடி தாண்டியதும் அவளே என் கையோடு அந்தப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஜாஸ்தி ஆசைப்பட்டீங்க, கம்மியா யோசிச்சீங்க. அவ்ளோதான்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாத்ரூம் பக்கம் போய் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். எனக்கு உன் கையைப் பிடித்து நடக்க அவ்வளவு ஆசை இருந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ பெரிய மனதுக்காரன் என்று நீ நினைத்துவிடுவாய்.

அதனால்தான் தேதியைத் தள்ளி வைக்கிறேன் என்று நீ சொன்னபோது ஒரு நிமிஷம் எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பொய் சொல்லவில்லை. பிறகு டெஸ்மண்டின் அம்மாவை நினைத்தேன். கல்யாணத்தை அங்கே வைத்ததே அந்த அம்மா படுக்கையை விட்டு எழுந்து இவ்வளவு தூரம் வர முடியாது என்பதற்காகத்தான். தள்ளிப் போட்டால் என் ரேகை வளர்ந்துவிடும், சரி. அந்த அம்மா காத்திருப்பார்கள் என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்? எனக்கு நாள் இருக்கிறது. அவர்களுக்கு இருக்கிற நாளை எடுத்து நான் தின்னக் கூடாது. டெஸ்மண்ட் உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டான். நீ தள்ளி வைக்கலாம் என்றபோது சரி என்றுதான் சொல்லியிருப்பான். ஒருவன் சரி என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார், அம்மாடி. கல்யாணம் ஆன பிறகு இது ரொம்ப உதவும். இன்னொன்று, சண்டை போடு, எவ்வளவு வேண்டுமானாலும் போடு, ஆனால் என்னிடம் செய்கிற மாதிரி அவன் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிடாதே. உன் அம்மா இத்தனை வருஷத்தில் ஒரு சண்டையைக்கூடப் பாதியில் விட்டுப் போனதில்லை. முடித்துவிட்டுத்தான் சோறு போடுவாள்.

அந்த அம்மாவை நினைத்தபோதுதான் இந்த அம்மாவும் கண்ணில் பட்டாள். அவளுக்கு விசா வந்துவிட்டது, பாஸ்போர்ட்டும் தபாலில் வந்துவிட்டது. நீயும் நானும் இவ்வளவு நாளாக என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவளிடம், நீ போ என்றேன். "நான் தனியாவா? ஏரோபிளேன்லயா? அங்க வந்து நான் இன்னா பண்ணப் போறேன், ஒக்காந்து அழுவேன்" என்றாள். "அழுதுக்கினே நட. அவ கையைப் பிடிச்சிக்கினு நீ நட" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நம் சபையில் பெண்ணைப் பெற்றவளை முதல் வரிசையில் உட்கார வைத்து, கையில் ஒரு கைக்குட்டையைக் கொடுத்துவிடுவோம். பீடம் வரை நடப்பது அப்பா, இல்லையென்றால் மாமன், சித்தப்பன். அங்கே எப்படியோ என்று எனக்குச் சந்தேகம். என் ஓட்டை இங்கிலீஷில் டெஸ்மண்டுக்கு எழுதிக் கேட்டேன். அவர்கள் கோயிலில் அம்மா நடப்பது புதுசு ஒன்றும் இல்லையாம். தன் அக்காவை அவன் அம்மாதான் கூட்டிக்கொண்டு போனார்களாம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், அவனைத் திட்டாதே.

உன்னைச் சுமந்தவள் அவள், டிபன் பாக்ஸுக்கு அழுதவள் அவள். நைட் டியூட்டி முடித்து வந்து நின்றுகொண்டே உனக்குத் தலை பின்னிவிட்டவளும் அவள்தான். பஸ் பிடிக்கும் அவசரத்தில் பின்னல் எப்போதும் ஒரு பக்கம் கோணலாகவே இருக்கும். இவ்வளவையும் அவள் செய்துவிட்டு, கடைசியில் கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிற வேலையை மட்டும் நான் எப்படி என் வேலை என்று நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ரேகை விழுந்திருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது. நான் கோட்டு போட்டுக்கொண்டு ஜம்மென்று நடந்திருப்பேன், அவள் கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பாள். அதனால் தேதி அப்படியே இருக்கட்டும். அம்மா வருகிறாள். டிக்கெட் அனுப்பு. விமானத்தில் அவளுக்கு ஜன்னல் ஓரம் வேண்டுமாம், கேட்க வெட்கப்படுகிறாள்.

நேற்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். நடந்து பார்க்கணும், நீங்க பொண்ணா நில்லுங்க என்றாள். நான் கேலி செய்தேன், அவள் சிரிக்கவே இல்லை. சமையலறை வாசலில் நின்றோம். என் கையைத் தன் கைக்குள் கோர்த்துக்கொண்டாள். நான் நீயாக நடந்தேன், அவள் அவளாக நடந்தாள், புது வெள்ளைச் சுவரை ஒட்டி, மெதுவாக, கூடம் தாண்டி, வெளிக் கேட் வரை. நான் அவசரப்பட்டால் இழுத்துப் பிடித்தாள். கேட் பக்கத்தில் நின்றோம். அங்கேதான் அவள் என் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். கேட் கம்பியை மாப்பிள்ளையாக வைத்துக்கொள் என்றேன். அவள் அசையவில்லை. தெருவில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. விடு, அவ்வளவுதான், இப்போது விட்டுவிட வேண்டும் என்றேன். என் வழவழப்பான விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இருங்க. விடறது மட்டும் இன்னும் வரல" என்றாள்.